கிணறு உப்பானதற்கு யார் கணக்கு வைப்பது? கடைமடையில் இறால் குட்டைகள் பற்றி ஒரு கேள்வி

கடைமடை டீச்சர்:

வணக்கம். சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம், பல வருடம் வந்து சேராத இடமும்கூட. பக்கத்து ஊர் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அதனாலேயே அக்டோபர் 2 கிராம சபையில் இறால் குட்டைகளைப் பற்றி நீதான் பேச வேண்டும் என்று எங்கள் தெருவில் உள்ள பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

சில வருடம் முன்பு ஊருக்குத் தெற்கே ஒருவர் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் குட்டை வெட்ட ஆரம்பித்தார். இப்போது குட்டைகள் எங்கள் வாய்க்கால் கரைவரை வந்துவிட்டன. இறால் பிடித்து முடித்ததும் குட்டைத் தண்ணீரை வடிகாலில் திறந்துவிடுகிறார்கள், ஊர் மாடுகள் தண்ணீர் குடிப்பது அந்த வடிகாலில்தான். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில்தான் உலை வைத்தாராம். இப்போது அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்குக் குட்டையில் வேலை கிடையாது, ராக்காவலுக்கு இரண்டு ஆண்கள் போதும் அங்கே.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். என் சொந்தச் சித்தப்பாவே மூன்று மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) நிலத்தைக் குட்டைக்குக் கொடுத்திருக்கிறார். மூன்று சம்பா தொடர்ந்து போனது, அப்புறம் தங்கையின் கல்யாணக் கடன். அவரைக் கிராம சபையில் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனமில்லை.

புகார் கொடுத்தோம். வந்து பார்த்த அதிகாரி, "குட்டையால்தான் உப்பு ஏறியது என்று உங்களால் நிரூபிக்க முடியுமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்களே, அது இதைத் தடுக்காதா? மீத்தேன் எடுக்கும் திட்டத்தை நிறுத்திய மண்ணில் இதை ஏன் நிறுத்த முடியவில்லை? விஞ்ஞானிகள் ஆய்வு செய்வார்கள், அரசு அதைப் பார்த்துச் சட்டம் போடும் என்றுதான் வகுப்பில் பாடம் நடத்துகிறேன். இங்கே நடப்பது அப்படித் தெரியவில்லை.

வெண்ணாற்றங்கரை:

டீச்சர், நான் மன்னார்குடிப் பக்கம், மீத்தேன் போராட்டத்தில் ஊர் ஊராகப் போனவன். முதலில் சட்டம். 2020 பிப்ரவரியில் வந்த அந்தச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கும் (உங்கள் சீர்காழி அப்போது நாகையில்தான் இருந்தது) கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களுக்கும் பொருந்தும். ஆனால் அதில் எதெல்லாம் கூடாது என்று ஓர் அட்டவணை இருக்கிறது: எண்ணெய், எரிவாயு, மீத்தேன் எடுப்பது, துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்குவது, இரும்பு ஆலை, தோல் பதனிடுவது, கப்பல் உடைப்பது. இறால் பண்ணை அதில் இல்லை. ஆகவே கிராம சபையில் இந்தச் சட்டத்தை மட்டும் நம்பிப் பேசாதீர்கள், எதிர்த்தரப்பில் யாராவது அட்டவணையை வாசித்தால் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

ஏன் இல்லை என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். மீத்தேனில் எல்லாம் ஒரே பக்கம் இழுத்தது. நிலக்கரிப் படுகையில் இருக்கிற வாயு வெளியே வர வேண்டுமானால் முதலில் அங்குள்ள தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும், அப்படி இறைத்தால் கடல் உள்ளே வரும், இதை எட்டாவது படித்த விவசாயிக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்தது. இயற்கை விவசாயத்துக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா கடைசி மூச்சுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டு நடந்தார், 2013 டிசம்பர் 30-இல் அத்திவெட்டியில் அவர் இறந்தபோதும் அந்தப் பிரச்சாரத்தில்தான் இருந்தார். லாபம் வெளியூர் கம்பெனிக்கு, நட்டம் மொத்த டெல்டாவுக்கும். அப்படியிருக்கும்போது எந்தக் கட்சியும் எதிர்ப்பக்கம் நிற்க முடியாது. 2013-இல் மாநில அரசு வேலையை நிறுத்தி வல்லுநர் குழு போட்டது, 2015-இல் திட்டமே வேண்டாம் என்றது. 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று இடங்களை ஒன்றிய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தபோதும் சில நாட்களில் எடுக்க வேண்டி வந்தது.

இறாலில் லாபமும் நட்டமும் ஒரே தெருவில் இருக்கிறது. உங்கள் சித்தப்பா வீட்டுக்குக் குத்தகைப் பணம், உங்கள் கொல்லைக்கு உப்பு. இப்படி ஊரே இரண்டாகப் பிரிந்திருக்கும் இடத்தில் எந்த அரசும் தானாக வந்து கை வைக்காது.

உப்பனாறு:

நான் வேதாரண்யம் பக்கம் இறால் வளர்க்கிறவன். கோபப்படாமல் படியுங்கள்.

2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. எட்டு வருடம். தண்ணீர் முதலில் வரும் தலைமடையில் இருப்பவர் போர் போட்டுக் குறுவை எடுத்துவிடுவார், கடைமடையில் போர் போட்டால் உப்புத்தான் வரும். எங்களிடம் வந்து நெல்தான் பயிரிட வேண்டும், அதுதான் தர்மம் என்று சொன்னவர்கள் யாரும் எங்கள் கடனைக் கட்ட வரவில்லை. இறாலும் சுகமான தொழில் இல்லை, வெள்ளைப்புள்ளி நோய் விழுந்தால் இரண்டு நாளில் குட்டையே காலி. நம் இறாலை அதிகம் வாங்குவது அமெரிக்கா, 2025 ஆகஸ்டில் அவர்கள் வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது என் தூக்கம் போனது.

ஆனால் டீச்சர் சொன்ன வடிகால் விஷயம் தவறு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்துதான் பண்ணை நடத்த வேண்டும். குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், விவசாய நிலத்தைக் குட்டையாக மாற்றக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. 5 ஹெக்டேருக்கு மேலான பண்ணை என்றால் கழிவுநீரைத் தேக்கிச் சுத்திகரிக்கத் தனிக் குட்டை வேண்டும். அங்கேதான் ஓட்டை. ஒரே ஆள் நாலு பெயரில் துண்டு துண்டாகக் குத்தகை எடுத்தால் எல்லாமே சின்னப் பண்ணை. முதலில் அந்தக் குட்டைகளுக்குப் பதிவு உண்டா, யார் பெயரில் எத்தனை ஏக்கர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒழுங்காகப் பதிவு செய்து நடத்துகிற எங்களுக்கும் அது நல்லது.

நாகை வக்கீல்:

"உங்களால் நிரூபிக்க முடியுமா" என்று அந்த அதிகாரி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியே தலைகீழ் டீச்சர். வேலூர்ப் பக்கத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம் வரும் என்ற அச்சம் இருந்தால் அறிவியல் ரீதியாக முழு உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் தொழிலால் கேடு இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. கெடுத்தவரே ஈடுகட்டவும் வேண்டும். தோல் தொழிற்சாலைக்காக எழுதியதென்றாலும் கொள்கை எல்லாத் தொழிலுக்கும்தான்.

அதே வருடம் டிசம்பர் 11-இல் வந்த இறால் பண்ணைத் தீர்ப்பு நம் நாகை மண்ணிலிருந்தே போனது. வழக்குப் போட்டவர் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா. அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் நிலமில்லாத கூலிப் பெண்களைத் திரட்டிக் குட்டைக் கரையில் உட்கார்ந்து போராடியவர்கள். நாக்பூரில் இருக்கிற நீரி என்ற தேசிய ஆய்வு நிறுவனத்தை அனுப்பி நீதிமன்றம் கணக்கெடுக்கச் சொன்னது. அவர்கள் கணக்குப்படி, இறால் விற்று வருகிற வருமானத்தைவிட நிலம், தண்ணீர், பிழைப்பு என்று ஏற்படுகிற சேதம்தான் அதிகம். கடலோரத்தில் தொழில்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், விவசாய நிலத்தைக் குட்டையாக்கக் கூடாது என்று தீர்ப்பானது. வேலை இழக்கிற பண்ணைத் தொழிலாளிக்கு 6 வருடச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. நான் சட்டம் படிக்கும்போது இந்தப் பத்தியில்தான் நின்றுவிட்டேன். சுற்றுச்சூழலைக் காப்பாற்றுகிற செலவைக் கூலிக்காரன் தலையில் கட்டக் கூடாது என்று ஒரு நீதிபதி யோசித்திருக்கிறார்.

ஏற்றுமதியில் வருகிற அந்நியச் செலாவணி சும்மா இருக்குமா? தீர்ப்பு நடைமுறைக்கு வரவே இல்லை. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் கொண்டுவந்து, கடற்கரை மண்டலத் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்று ஆக்கிவிட்டது. அதுவும் அந்த மண்டல அறிவிப்பு வந்த 1991 பிப்ரவரி 19 முதலே அப்படித்தான் இருந்தது என்று பழைய தேதி போட்டு. 2023 திருத்தத்தில் மீறினால் சிறை என்பதும் போய் அபராதம் மட்டும் ஆனது. என் கருத்தில் நாடாளுமன்றம் இதில் நம்மைக் கைவிட்டது. ஒரே ஆய்வு, ஒரே கடற்கரை, நீதிமன்றம் ஒரு விதமாக எடைபோட்டது, நாடாளுமன்றம் வேறு விதமாக எடைபோட்டது.

ஆனாலும் உங்கள் கையில் எதுவும் இல்லை என்று நினைக்காதீர்கள். பதிவு, தூரம், கழிவுநீர் எல்லாம் இன்றும் விதிதான். அதை மீறினால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. தீர்மானத்தில் "குட்டைகள் கூடாது" என்று மட்டும் எழுதாமல் எந்தச் சர்வே எண், எந்தக் கிணறு, எத்தனை அடி தூரம் என்று எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:

மூன்று பேரும் நன்றாகச் சொன்னார்கள். நான் உப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்கள் கிணற்று உப்பு முழுக்கக் குட்டையிலிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள் அம்மா. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடினால் அது மண்ணில் இறங்கிக் கடல்நீரைத் தள்ளி நிறுத்தும். ஓடாதபோது கடல் உள்ளே வரும். மேலே போர் போட்டு இறைப்பதும் ஒரு காரணம். 2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்களும் உங்கள் பக்கம் உண்டு. இத்தனைக்கும் மேல் குட்டையில் மாதக்கணக்கில் தேங்கும் உவர்நீர் பக்கவாட்டில் கசியும். எது எவ்வளவு என்று பிரிக்க அளவு வேண்டும்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் நெஞ்சில் குத்துகிறது. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றக் காவிரித் தீர்ப்பில், தமிழ்நாட்டுக்கு நடுவர் மன்றம் கொடுத்த 419 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) 404.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75-இல் 10 டி.எம்.சி. எதனால் தெரியுமா? தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் 20 டி.எம்.சி. இருக்கிறது, அதில் பாதியையாவது கணக்கில் எடுக்கலாம் என்றார்கள். பாக்கி 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. தாகத்துக்குக் கொடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நிலத்தடி நீரை எண்ணியவர்கள், கடலோரத்தில் அது வாயில் வைக்க முடியாத தண்ணீராக மாறிக்கொண்டிருப்பதை எந்த வரியில் எண்ணினார்கள்? அளந்து வைத்த எண் உள்ளே போனது, அளக்காத உப்பு வெளியே நின்றது. முப்பது வருடம் மடைத் திறப்பை எழுதியவன் நான், கிணற்று உப்பை எழுத வேண்டும் என்று எனக்கே அப்போது தோன்றவில்லை.

ஆகவே அளந்துவிடுங்கள். கரைந்த உப்பைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 2,000வரை என்பது இந்தியத் தர அளவு. குட்டைக்கு ஒட்டிய கிணறு, நடுத்தெரு, ஊரின் மறுபக்கம் என்று வரிசையாக எடுங்கள். தூரம் போகப் போக உப்பு குறைந்தால் அது பேசும். வயல் மண்ணை வேளாண்மைத் துறை ஆய்வகத்தில் கொடுங்கள், மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் சரியத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறக்குறைய 12 சதவீதம் போகும்.

கடைமடை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நிரூபிக்க வேண்டியது யார் என்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த அதிகாரி முன்னால் வாயடைத்து நின்றிருக்க மாட்டேன்.

மீட்டர் வாங்கிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை பதினோரு கிணறும் அடிபம்பும் பார்த்தோம். குட்டைக்கு ஒட்டிய நான்கும் 2,000-ஐத் தாண்டிவிட்டன. மறுபக்கம் அம்மன் கோயில் கிணறு இன்னும் நன்றாக இருக்கிறது. நடுவில் ஒரு கிணறு மட்டும் வரிசைக்கு ஒத்துவரவில்லை, அதையும் அப்படியே எழுதிவைத்தோம். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசியில் எழுந்து வந்து, "நம்ம வீட்டுக் குழாயை விட்டுட்டியே" என்றார். எடுத்தோம். குத்தகை தையில் முடிகிறதாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பொறியாளர் ஐயா, ஒரு சந்தேகம். இப்போது ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று எடுத்தால் போதுமா?

ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்:

போதாது அம்மா. வைகாசியில் கட்டாயம் ஒன்று எடுங்கள், மேட்டூர் திறப்பதற்கு முன்னால். உப்பு உச்சத்தில் இருப்பது அப்போதுதான். அந்த ஒத்துவராத கிணற்றின் ஆழம் எவ்வளவு என்று கேட்டு இங்கே எழுதுங்கள், பார்க்கலாம்.