ஸ்ரீவித்யா படங்களில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
நேற்று டிவியில் தளபதி போட்டிருந்தார்கள். ரயில் சத்தம் கேட்டதும் ஸ்ரீவித்யாவின் முகம் மாறுமே, ஒரு வார்த்தை வசனம்கூட இல்லாமல், அதைப் பார்த்ததிலிருந்து மனசு வேறு எதிலும் போகவில்லை. 2006 அக்டோபரில் அவர் இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. நான் பார்த்ததெல்லாம் அம்மா வேடங்கள்தான். அதற்கு முந்தைய படங்களில் எதைப் பார்க்கலாம்?

பதில்:
அபூர்வ ராகங்கள் (1975), யோசிக்கவே வேண்டாம். பாடகி பைரவியாக வருவார். பாட்டு வாணி ஜெயராமின் குரல்தான், ஆனாலும் மேடையில் உட்காரும் தோரணையிலேயே எம்.எல். வசந்தகுமாரியின் மகள் என்று தெரிந்துவிடும். படம் வந்தபோது அவருக்கு 22 வயது, அதில் ஜெயசுதாவுக்கு அம்மா! அந்த வயதில் அவ்வளவு நிதானமும் பாரமும் அந்தக் கண்களுக்கு எங்கிருந்து வந்ததோ.

பதில்:
எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. அபூர்வ ராகங்களில் கமல் அவரைக் காதலிப்பார், ரஜினி அவருடைய கணவர். அப்புறம் 1989-இல் அபூர்வ சகோதரர்களில் கமலுக்கே அம்மா, 1991-இல் தளபதியில் ரஜினிக்கு அம்மா. இத்தனைக்கும் ரஜினியைவிட அவர் இரண்டரை வயது சின்னவர். நாயகர்கள் நாயகர்களாகவே இருந்தார்கள், இவரை மட்டும் நாற்பதுக்கு முன்பே அம்மாவாக்கி உட்கார வைத்துவிட்டது நம் சினிமா. அவர் அதையும் குறை வைக்காமல் செய்தார், அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

பதில்:
தமிழோடு நிறுத்திவிடாதீர்கள். அவரை முழுசாகப் பயன்படுத்தியது மலையாளம்தான். கேரள அரசின் சிறந்த நடிகை விருதை மூன்று முறை வாங்கியவர், அதில் ரசனா (1983) ஒன்று. புற்றுநோயோடு போராடி 53 வயதில் திருவனந்தபுரத்தில் இறந்தார், அங்கே இன்றும் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகத்தான் பேசுவார்கள். காதலுக்கு மரியாதை பார்த்திருப்பீர்கள், அதன் மலையாள மூலத்திலும் நாயகனின் அம்மா இவரேதான், இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. அபூர்வ ராகங்களை இன்று ராத்திரியே பார்க்கிறேன். ரசனா சப்டைட்டிலோடு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கு மலையாளம் அரைகுறைதான்.