பெரிய விமானத்துக்குப் பின்னால் இறங்கும்போது ஏன் அந்தக் குலுக்கல்?

பாம்பன்வாசி: போன வாரம் சென்னையில் இறங்கும்போது, காற்றே இல்லாத நேரத்தில் விமானம் திடீரென்று இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது, பக்கத்து இருக்கை அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முன்னால் ஒரு பெரிய விமானம் இறங்கியிருந்தது. அதனாலா?

மண்டபம் வல்லம்: இருக்கலாம் அண்ணே. விசைப்படகு போன தடத்தில் நம்ம வல்லம் ஆடுமே, அதுமாதிரிதான், ஆனால் இது கண்ணுக்குத் தெரியாது. இறக்கை நுனி இரண்டிலும் காற்று சுருண்டு, நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். அதனால்தான் கனரக விமானத்துக்குப் பின்னால் நடுத்தர ரகம் வந்தால் 5 கடல் மைல், முன்னால் போவது ஏ380 என்ற மிகப் பெரிய பயணிகள் விமானம் என்றால் 7 கடல் மைல் இடைவெளி விடுகிறார்கள்.

உச்சிப்புளி: எடை மட்டும் இல்லை தம்பி, வேகம் குறையும்போதும் சுழல் வலுக்கும், இறங்கும் நேரம் அதுதானே. கச்சான் காற்று பலமாக அடித்தால் சீக்கிரம் கலைந்துவிடும், காற்று அசையாத நாளில்தான் தங்கி நிற்கும். 2001 நவம்பரில் நியூயார்க்கில் 265 பேர் இறந்த விபத்தும் முன்னால் போன ஒரு போயிங் 747 விமானத்தின் சுழலில்தான் தொடங்கியது, அப்புறம் விமானி சுக்கானை மாற்றி மாற்றி அளவுக்கு மீறி மிதித்ததில் வால் செங்குத்துப் பகுதியே முறிந்தது.

பாம்பன்வாசி: அன்றைக்குக் காற்று அசையவே இல்லை அண்ணே. இனி தரையிறங்கத் தாமதமானால் முணுமுணுக்க மாட்டேன்.