பாக்கெட்டில் மறைத்து வைக்கச் சிறிய கைத்துப்பாக்கி: எதை வாங்கலாம்?

இரவுப்பணி
அனைவருக்கும் வணக்கம். கால்சட்டைப் பாக்கெட்டில் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளும்படியான சிறிய கைத்துப்பாக்கி ஒன்று வாங்க வேண்டும். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். ரூகர் எல்சிபி நல்லது என்கிறார் ஒரு நண்பர். அதைத் தொடவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். 500 டாலருக்குள் அடங்கினால் நல்லது. அனுபவம் உள்ளவர்கள் பெயரை மட்டும் சொன்னாலே போதும்.

வேப்பமரம்
பெயரை மட்டும் சொல்வதற்கு நீங்கள் இடமே வைக்கவில்லை. எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்? குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டு உள்ளவரா, எச்1பி விசாவில் இருப்பவரா? இதற்கு முன் சுட்டுப் பழகியிருக்கிறீர்களா? எதற்காக, எந்த நேரத்தில், என்ன உடையோடு இதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? வீட்டில் சிறு பிள்ளைகள் உண்டா? இவற்றுக்கு விடை தெரியாமல் எதைச் சொன்னாலும் அது குருட்டாம்போக்கில் சொன்னதாகத்தான் இருக்கும்.

மூத்தவர்1911
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. கேட்பவர்களில் ஒருவராவது பழைய பதில்களைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. துப்பாக்கி சிறியதாக இருந்தால் சுடுவதும் எளிது என்று புதியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறானது. குழல் குட்டை, பிடியில் இரண்டு விரலுக்கு மேல் இடமில்லை, எடை 10 அவுன்ஸை ஒட்டி இருக்கிறது, குறிபார்க்கும் முனைகளோ பெயருக்குத்தான் உள்ளன என்றால், பின்னுதைப்பு முழுவதையும் உங்கள் உள்ளங்கைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். கைதேர்ந்தவர்களுக்கான கருவியைக் கற்றுக்குட்டிகள் தேடி வருவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. முதலில் முழு அளவுத் துப்பாக்கியில் ஓராண்டு பழகிவிட்டு வாருங்கள்.

ஷுகர்லேண்ட் அக்கா
மூத்தவர் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் ஓராண்டு கழித்து வா என்பது பதிலாகாது. தம்பி, ரிவால்வர் வாங்குங்கள். ஸ்மித் அண்ட் வெஸன் 642 என்ற மாதிரியைப் பாருங்கள்: .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, ஐந்து தோட்டா பிடிக்கும், அலுமினியக் கலவையால் ஆன உடல், வெறுமையாக 14.4 அவுன்ஸ். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியல் அதில் உள்ளேயே மறைந்திருப்பதால், பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. பிஸ்டலைத் துணிக்குள்ளேயே சுட நேர்ந்தால் ஸ்லைடு (சுட்டதும் பின்னே போய்வந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் மேல்பகுதி) தடைபட்டு அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம்; இதில் அந்தக் கவலை இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். எனக்கு மணிக்கட்டில் வாதம். சிறிய பிஸ்டல்களின் ஸ்லைடைப் பின்னே இழுப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுகிறது. ரிவால்வரில் அந்த வேலையே இல்லை. விசை மட்டும் கனமாக இருக்கும், 12 பவுண்டு அளவுக்கு விரலால் இழுக்க வேண்டும். வெறும் துப்பாக்கியை வைத்து வீட்டில் பழகப் பழக அது கைவந்துவிடும்.

ஜெல்சோதனை
அக்கா சொல்லும் ரிவால்வரில் தோட்டாக்கள் அடங்கும் உருளை 1.3 அங்குல அகலம். பாக்கெட்டில் உருண்டையாகப் புடைத்துக்கொண்டு தெரியும். அது கிடக்கட்டும், எல்சிபியைப் பற்றிப் பேசும் எவரும் தோட்டாவைப் பற்றிப் பேசுவதில்லை. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. வகுத்துக்கொண்ட அளவுகோலின்படி, தோட்டா, உடல் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும். எல்சிபியின் 2.75 அங்குலக் குழலிலிருந்து புறப்படும் .380 வகைத் தோட்டா, முனை குழிந்த வகையாக இருந்தால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது: விரிந்துவிட்டு 12 அங்குலத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது, அல்லது விரியாமலே நெடுந்தூரம் போய்விடுகிறது. ஆகவே 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்குக் கீழே இறங்காதீர்கள். 2018இல் வந்த சிக் பி365 என்ற 9 மில்லிமீட்டர் பிஸ்டல் போதுமான அளவு சிறியது; மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில்) 10 தோட்டா பிடிக்கும்.

இரவுப்பணி
மன்னிக்கவும், வேலைக்கு நடுவே எழுதுகிறேன். டெக்சாஸ், ஹூஸ்டன் பக்கம். கிரீன் கார்டு உண்டு. மைத்துனரின் கேஸ் ஸ்டேஷனை இரவில் நான் பூட்டுகிறேன். அன்றைய வசூலை வங்கியின் இரவுப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதே சாலையில் இரண்டு கடைகளில் கொள்ளை நடந்துவிட்டது. வீட்டில் ஏழு வயது மகள் இருக்கிறாள். எல்சிபியின் புதிய வகையான எல்சிபி மேக்ஸா, 642ஆ என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வேப்பமரம்
இப்போது பேசலாம். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிறைந்தவர், சட்டப்படி தடை ஏதும் இல்லாதவராக இருந்தால், உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமத்தை வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது என்று கூட்டரசுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மாநில உரிமம் பெற்றவர்களுக்கு அதில் விலக்கு உண்டு, உரிமம் இல்லாதவருக்கு இல்லை. கடையிலிருந்து வங்கிக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று பாருங்கள். உரிமத்துக்கான சுடும் தேர்வும் மலையன்று: 3, 7, 15 கஜத் தொலைவுகளிலிருந்து மொத்தம் 50 தோட்டா சுட்டு, 250க்கு 175 எடுத்தால் தேறிவிடலாம். வாங்கப் போகும் துப்பாக்கியாலேயே அதில் தேற முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வங்கியின் வாசலில் துப்பாக்கியோடு வரக் கூடாது என்று 30.05 அல்லது 30.06 என்ற சட்டப்பிரிவு எண்ணோடு அறிவிப்பு ஒட்டியிருந்தால் அதைப் படித்துவிட்டு நடந்துகொள்ளுங்கள். சனிக்கிழமையே துப்பாக்கி கைக்கு வந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பு தாமதமானால் சில நாள் காத்திருக்க நேரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கொள்ளைக்காரன் கேட்பது பணப்பை என்றால் பையைக் கொடுத்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போவதை மாற்றுவதும், பகலிலேயே பணத்தைக் கட்டிவிடுவதும் எந்தத் துப்பாக்கியை விடவும் உங்களைக் காக்கும்.

கேட்டி கதிர்
காசு செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். தடித்த அட்டையை எடுத்து, எல்சிபி மேக்ஸுக்கு 5.17 அங்குல நீளமும் 4.12 அங்குல உயரமும், 642க்கு 6.3 அங்குல நீளமும், பி365க்கு 5.8 அங்குல நீளமும் 4.3 அங்குல உயரமும் வருமாறு துப்பாக்கி வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போடும் அதே கால்சட்டையில் ஒவ்வொன்றாக வைத்து நடங்கள், குனியுங்கள், காரில் ஏறி உட்காருங்கள். சாய்வாகத் தைத்த பாக்கெட்டில் பிடி வாயோரம் எட்டிப் பார்க்கும். ஆழமில்லாத பாக்கெட்டில் உட்கார்ந்ததும் வெளியே நழுவும். எல்லாவற்றையும் விட, கையை உள்ளே விட்டு அட்டையைப் பிடித்தபின் மூடிய கை பாக்கெட் வாயைத் தாண்டி வெளியே வருகிறதா என்று பாருங்கள். என்னுடைய ஜீன்ஸில் வரவில்லை. காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது பாக்கெட்டிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம் என்பதும் அப்போதே விளங்கும்.

பி365 பாக்கெட்டுக்கு ஏற்றதே இல்லை என்பது என் கருத்து. தோட்டா இல்லாமலே 17.8 அவுன்ஸ், கால்சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். அதை இடுப்பில் வையுங்கள். எல்சிபி மேக்ஸ் 10.6 அவுன்ஸ்தான்.

ஜெல்சோதனை
கால்சட்டை தொங்கினால் நல்ல பெல்ட்டாகக் கட்டிக்கொள்ளலாம். ஊடுருவாத தோட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஷுகர்லேண்ட் அக்கா
கனமாக இருக்கிறதென்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன 9 மில்லிமீட்டர் எத்தனை அங்குலம் ஊடுருவும், தம்பி?

பியர்லேண்ட் வாசகர்
வீட்டில் ஏழு வயதுக் குழந்தை இருக்கிறது என்கிறார். ஆகவே எந்த பிஸ்டலை வாங்கினாலும் சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் குழலடி அறையை) காலியாக வைத்து, மேகசினை மட்டும் நிரப்பிக்கொண்டு போகட்டும். தேவைப்படும்போது ஸ்லைடை இழுத்துக்கொள்ளலாம்.

மூத்தவர்1911
சினிமா பார்த்துத் துப்பாக்கி கற்றவர்களின் யோசனை இது. ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். வசூலை வங்கிக்கு எடுத்துப் போகிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார், ஆகவே ஒரு கையில் பணப்பை இருக்கும். மறு கையால் எதிராளியைத் தள்ளுவாரா, ஸ்லைடை இழுப்பாரா?

பியர்லேண்ட் வாசகர்
ஐயா, தொடைக்குப் பக்கத்தில் நிரப்பிய துப்பாக்கியை வைத்து, உட்காரும்போது தானே வெடித்துக்கொண்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். புதியவருக்கு அந்த அபாயம்தான் முதலில் வருகிறது. கொள்ளைக்காரன் அதற்குப் பிறகுதான்.

கேட்டி கதிர்
இருவரும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகிறீர்கள். பாக்கெட்டில் துப்பாக்கி வெடிப்பது பெரும்பாலும் விசையில் எதோ ஒன்று பட்டுவிடுவதால்தான்: சாவி, பேனா, சுருண்ட துணி, அவசரப்பட்ட விரல். அதற்கு மருந்து பாக்கெட் ஹோல்ஸ்டர், அதாவது பாக்கெட்டுக்குள் வைக்கும் துப்பாக்கி உறை. விசைக் காப்பை முழுவதும் மூடி, வெளிப்புறம் சொரசொரப்பாக இருந்து, துப்பாக்கியை எடுக்கும்போது பாக்கெட்டிலேயே தங்கிவிடும் ஒன்றாக அது இருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதையும், ஒரு பபிள்கம் தாளைக்கூட, போடக் கூடாது. கைப்பூட்டுத் தேவை என்று நினைப்பவர்கள் 2024இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் பாடிகார்ட் 2.0ஐப் பார்க்கலாம், அதில் கட்டைவிரலால் தள்ளும் பூட்டு உள்ள வகையும் கிடைக்கிறது.

பஞ்சும் தூசியும் பாக்கெட்டில் எவ்வளவு சேருகின்றன என்பது ஒரு மாதம் வைத்திருந்தால்தான் தெரியும். பிஸ்டலோ ரிவால்வரோ, அவ்வப்போது துப்பாக்கியை வெளியே எடுத்து, தோட்டாவை அகற்றிவிட்டு, ஊதித் துடைத்துவிட வேண்டும்.

குழந்தையைப் பற்றிய கவலை வீட்டுக்குள் நுழைந்தபின் தொடங்குவது. டெக்சாஸ் சட்டப்படி, நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் அது குற்றம். கால்சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். கதவைத் திறந்ததும் நேரே பூட்டுப்பெட்டிக்குப் போவது பழக்கமாக வேண்டும்.

புதியவன்77
இடையில் ஒரு சந்தேகம். வாங்குவதற்கு முன் சுடுகூடத்தில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் எச்1பி. வாடகைக்குத்தானே, அதனால் சுடலாம் அல்லவா? என் அலுவலகத்தில் எல்லோரும் போகிறார்கள்.

வேப்பமரம்
போகாதீர்கள். எச்1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். சுடுகூடத்தில் கையில் வாங்குவதும் அதில் அடங்கும். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கே, மாணவர் விசா நிலையை இழந்தபின் ஃப்ளோரிடாவில் சுடுகூடத்துக்குப் போய்ச் சுட்டவரைப் பற்றியதுதான். தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிறுவ வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சுடலாம் என்று சொல்லவில்லை. 2022க்குப் பிறகு இதற்கு உச்ச தண்டனை 15 ஆண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அலுவலக நண்பர்களிடம் கேட்டு அல்ல.

மூத்தவர்1911
கேட்டவர் எங்கே? நாம்தான் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இரவுப்பணி
சுடுகூடத்தில் மூன்றையும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். எல்சிபி மேக்ஸ் பாக்கெட்டில் இருப்பதே தெரியவில்லை. சுட்டால் பிடி கையில் நிலைக்காமல் நழுவுகிறது. பி365 நன்றாகச் சுடுகிறது, ஆனால் அட்டைச் சோதனையிலேயே என் பாக்கெட்டுக்கு ஒத்துவரவில்லை. 642 உள்ளங்கையில் அறைகிறது, இருந்தாலும் 7 கஜத்தில் எனக்குப் படிந்தது அதுதான். அதை வாங்கிவிட்டேன், உரிம வகுப்புக்கும் பதிவு செய்திருக்கிறேன். மைத்துனர் பகலிலேயே பணம் கட்ட ஒத்துக்கொண்டார். கடைக்காரர் கொடுத்த ஹோல்ஸ்டர் மட்டும் பாக்கெட்டில் தலைகீழாகத் திரும்பிக்கொண்டே இருக்கிறது. நான் இடக்கைக்காரன், அதனால்தானா?

கேட்டி கதிர்
இடக்கைக்காரர் என்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள். ஆம், அதனால்தான். ஹோல்ஸ்டரின் பக்கவாட்டில் இருக்கும் கொக்கி போன்ற விளிம்புதான் துணியில் மாட்டி அதைப் பிடித்து நிறுத்துகிறது. வலக்கைக்கானதை இடப் பாக்கெட்டில் வைத்தால் அந்த விளிம்பு எதிர்ப்பக்கம் பார்க்கும். பிரிக்காத பொருள்போல் பாவித்து மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் இரு கைக்கும் பொருந்தும் வகையை வாங்குங்கள். இன்னொன்று, 642இன் உருளை இடப்பக்கமாகத் திறக்கும். திறக்கும் பொத்தானும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. உங்களால் கட்டைவிரலால் தள்ள முடியாது. இடக்கை ஆள்காட்டி விரலால் முன்னே தள்ளி, வலக்கையால் உருளையை வாங்கிக்கொள்ளுங்கள். வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களை வைத்து இதை வீட்டில் பழகுங்கள், மகள் பள்ளிக்குப் போன நேரத்தில்.