டாமி ஜான்: 1974-ல் கிழிந்த முழங்கை 1989 வரை தாங்கியது எப்படி?

மூன்றாம் ஸ்லிப்:
பேஸ்பால்ல "டாமி ஜான் சர்ஜரி"னு பேச்சு வந்தா எல்லாரும் ஆபரேஷனோட நிறுத்திடுறாங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான பிட்சர் (பந்து வீசுறவர்) டாமி ஜானோட கரியர் பத்தித் தெளிவா தெரிஞ்சுக்கணும். 31 வயசுல இடது முழங்கை ஜவ்வு கிழிஞ்சவர் 46 வயசு வரைக்கும் பேஸ்பாலோட உச்ச லீக்கான மேஜர் லீக்ல வீசியிருக்கார். அது ஆபரேஷனாலயா, அவர் வீசின விதத்தாலயா? டாக்டர் ஃப்ராங்க் ஜோப் சரியா என்ன பண்ணினார், திரும்பி வர ஏன் அவ்வளவு நாள் ஆச்சு? இந்தக் காலத்து பிட்சர்கள் ஒஹ்தானி, டிகிராம் எல்லாம் ரெண்டாவது தடவையும் கத்திக்குப் போனாங்களே, இவருக்கு மட்டும் எப்படி ஒரு ஜவ்வோட முடிஞ்சது? இன்னொண்ணு, கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகுலதான் விரிசல் வருது, முழங்கை இப்படிப் போறதில்லையே, ஏன்?

எலும்பும் நாணும்:
கடைசிக் கேள்வியைப் பிடித்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கிரிக்கெட்டில் கை ஏறத்தாழ நீட்டியபடியே சுழல்கிறது. ஓடிவந்து முன்காலை ஊன்றி உடம்பை வளைக்கும்போது சுமை கீழ்முதுகில் இறங்குகிறது. பேஸ்பாலில் முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்கியிருக்க, தோள் முதலில் பின்னோக்கித் திருகி, பிறகு நொடிக்கு 7000 டிகிரி அளவிலான வேகத்தில் முன்னால் திரும்புகிறது. மேல்கை முன்னே போய்விடும், முன்கை பின்தங்கும். அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கம் பிளந்து திறக்கப் பார்க்கும். திறக்கவிடாமல் பிடித்திருப்பது மேல்கை எலும்பின் உள்முனைக்கும் அல்னா எலும்புக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஜவ்வு.

ஆய்வகத்தில் அளந்த கணக்குப்படி, ஒரு முழுவேக வீச்சில் அங்கே விழும் முறுக்கு விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். ஜவ்வை மட்டும் தனியாகச் சோதித்தால் ஏறக்குறைய அதில் பாதியிலேயே அறுந்துவிடுகிறது. மிச்சத்தை முன்கையின் உள்பக்கத் தசைகள் வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால் அந்தப் பங்கும் ஜவ்வின் தலையில்தான். "ஒரே பந்தில் போச்சு" என்று சொல்வார்கள். பெரும்பாலும் அது பல வருடமாக நூல் நூலாகப் பிரிந்துவந்ததன் கடைசி நூல்.

டாமி ஜானுக்கு அது 1974 ஜூலை 17-ல், டாட்ஜர்ஸ் அணிக்காக மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு எதிராக வீசிய ஆட்டத்தில் நடந்தது. ஓய்வு பலிக்காததால் செப்டம்பர் 25 அன்று ஜோப் அறுவை செய்தார். கிழிந்ததைத் தைக்கவில்லை, புதிதாக ஒன்றைக் கட்டினார். வலது முன்கையிலிருந்து பால்மாரிஸ் லாங்கஸ் என்ற மெல்லிய தசைநாணை எடுத்தார். (கட்டை விரலையும் சுண்டு விரலையும் ஒட்டி மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் கம்பிபோல் துருத்துமே, அதுதான். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அவர்களுக்குத் தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். இல்லாமல் போனாலும் கைக்கு நஷ்டமில்லை.) முழங்கையின் இரு எலும்புகளிலும் துளை போட்டு, நாணை 8 வடிவில் கோத்து இழுத்துத் தைத்தார். மறுபடி வீச நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அவரே சொன்னார்.

தாமதத்துக்குக் காரணம் நாண் அல்ல, நரம்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டு விரல் வரை ஷாக் அடிக்கிறதே, அந்த அல்னார் நரம்பு இந்த ஜவ்வுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அது பாதிக்கப்பட்டு விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போயின. அதே டிசம்பரில் நரம்பை இடம் மாற்ற இன்னொரு அறுவை. நரம்பு மீள்வது மிக மெதுவாக நடக்கும். 1975 சீசன் முழுவதும் அதிலேயே போனது. பின்னாளில் தசையை வெட்டி விலக்காமல் நார்களை மட்டும் பிரித்து உள்ளே போகும் முறை வந்ததும், நரம்பைத் தேவையில்லாமல் தொடுவதை நிறுத்தியதும்தான் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைந்தது.

தரைப்பந்து:
மேலே சொன்னது முழங்கையின் கதை. கரியர் ஓடியதற்கு நான் சிங்க்கர் என்ற கீழே இறங்கும் பந்துக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

1963-ல் கிளீவ்லாண்டில் தொடங்கி 1989-ல் யாங்கீஸில் முடிக்கும்வரை 26 சீசன், 288 வெற்றி. அறுவைக்கு முன்னால் 124, பின்னால் 164. இத்தனைக்கும் 4,710 இன்னிங்ஸில் 2,245 ஸ்ட்ரைக் அவுட்தான் (பேட்ஸ்மேன் அடிக்க முடியாமல் அவுட் ஆவது). 9 இன்னிங்ஸுக்கு நாலு சொச்சம். பேட்ஸ்மேனை ஏமாற்றி அனுப்புகிறவர் இல்லை, தரையில் அடிக்க வைக்கிறவர். இரண்டு தையல் கோடுகளின் மேல் விரல் வைத்துப் பிடிக்கும் பந்து, பேட்ஸ்மேன் நிற்கும் பிளேட்டுக்கு அருகே கீழே இறங்கும். மட்டை அதன் மேல்பாதியில் படும். உருண்டுவரும் பந்தை இன்ஃபீல்டர்கள் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்கள்) எடுத்து ஒரே பந்தில் இரட்டை அவுட் ஆக்குவார்கள். ஒவ்வொரு பந்தையும் உச்ச விசையில் எறிய வேண்டிய கட்டாயம் இல்லாததால் ஜவ்வின் மேல் சுமையும் அந்த அளவுக்குக் குறைகிறது.

பின்னால் நின்ற ஆட்களையும் பாருங்கள். டாட்ஜர்ஸில் கார்வி, லோப்ஸ், ரஸ்ஸல், சே. யாங்கீஸ் போனால் இரண்டாம் பேஸில் ராண்டால்ஃப், மூன்றாம் பேஸில் நெட்டில்ஸ். தரைப்பந்து வீசுகிறவருக்கு இதைவிட நல்ல காவல் கிடைப்பது அரிது. 1976-ல் திரும்பி வந்து 10 வெற்றி, 10 தோல்வி (10-10). 1977-ல் 20-7, 1979-ல் 21-9, 1980-ல் 22-9. அறுவைக்கு முன்னால் ஒரு சீசனில்கூட 20 வெற்றியைத் தொடாதவர் அவர்.

1975-ல் நடந்த ஒரு வேலையை யாரும் சொல்வதில்லை. சக பிட்சர் மைக் மார்ஷல் பின்னாளில் உடலியக்கவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். காலையும் உடம்பையும் திருப்பிச் சுழற்றாமல் நேராகப் பிளேட்டை நோக்கிப் போகும் வீச்சை டாமி ஜான் அவரிடம் கற்றார். நாண் புதிது, வீச்சும் புதிது. இரண்டும் சேர்ந்துதான் பலன் கொடுத்தன.

சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இல்லாதது எனக்கு நியாயமாகவே படவில்லை. 15 வருடமும் பேஸ்பால் எழுத்தாளர்கள் வாக்கில் 75 சதவீதம் தேவைப்பட, அதிகபட்சமாக 31.7தான் கிடைத்தது, அதுவும் கடைசி வருடமான 2009-ல். 2024 டிசம்பரில் குழு வாக்கெடுப்பில் 16-க்கு 7. அதே வாக்கெடுப்பில் தேர்வான டிக் ஆலன்தான், 1971-ல் டாட்ஜர்ஸ் டாமி ஜானை வாங்குவதற்காக வைட் சாக்ஸுக்குக் கொடுத்த ஆள்.

நூறு மைல்:
தரைப்பந்து சொல்வதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் "அறுவைக்குப் பின் 164" என்பதை அறுவையின் சராசரிப் பலனாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜோப் இதை இரண்டாவதாகச் செய்தது பிரென்ட் ஸ்ட்ராம் என்ற பிட்சருக்கு, 1978-ல். அவர் மேஜர் லீக்குக்குத் திரும்பவே இல்லை. இன்று மேஜர் லீக் பிட்சர்களில் ஐந்தில் நாலு பேர் திரும்பி வருகிறார்கள். ஆனால் எத்தனை வருடம் நிலைக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

இரண்டாவது அறுவைக்கு முக்கியக் காரணம் வேகம். 2008-ல் லீக்கின் சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் மணிக்கு 91 மைல் சொச்சம், 2024-ல் 94-ஐத் தாண்டிவிட்டது. டிகிராம் 2010-லும் 2023-லும், ஒஹ்தானி 2018-லும் 2023-லும் கத்திக்குப் போனவர்கள். இருவரும் 100 மைலைத் தொடும் கைகள். ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) 5 இன்னிங்ஸ் வீசினால் போதும், ஆனால் எல்லாப் பந்தும் உச்சத்தில் வேண்டும் என்பது இப்போதைய கணக்கு. தசை பலத்தைப் பயிற்சியால் கூட்டலாம், ஜவ்வு அதே வேகத்தில் தடிக்காது. 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட காய அறிக்கையும் வேகம், பந்தின் சுழற்சி, ஒவ்வொரு பந்திலும் முழு விசை ஆகிய மூன்றையும்தான் சுட்டிக்காட்டியது.

மூன்றாம் ஸ்லிப்:
மூணு பேருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ஆபரேஷன் பண்ணிக்கிட்டா முன்னைவிட வேகம் கூடும்னு சொல்லி, நல்லா இருக்கிற கைக்கே பண்ணச் சொல்லி வர்ற பெற்றோர் இருக்காங்கனு படிச்சேன். அதுல உண்மை உண்டா? திரும்பி வர்ற படிகள் என்ன?

எலும்பும் நாணும்:
உண்மை இல்லை. நாண் விசையை உண்டாக்காது, தாங்க மட்டும்தான் செய்யும். சிலருக்கு வேகம் கூடியதுபோல் தெரிவதற்குக் காரணம், கிழிவதற்கு முந்தைய மாதங்களில் வலியோடு குறைந்த வேகத்தில் வீசியதும், பிறகு ஒரு வருடம் கால், இடுப்பு, தோளுக்கு முறையாகப் பயிற்சி செய்ததும்.

படிகள் தோராயமாக இப்படி. முதல் ஒன்றிரண்டு வாரம் கட்டு. ஆறு வாரத்துக்குள் கையை முழுதாக மடக்கி நீட்ட வேண்டும். நான்கு ஐந்து மாதத்தில் 45 அடியில் மெதுவாக எறிதல், பிறகு 60, 90, 120 என்று தூரம் கூடும். ஒரு தூரத்தில் வலி வந்தால் முந்தைய தூரத்துக்குத் திரும்ப வேண்டும். பிட்சர் நின்று வீசும் மேடான மவுண்டில் ஏறி 60 அடி 6 அங்குலத்தில் வீசுவது எட்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு, முதலில் பாதி விசையில். வளைபந்து கடைசியில். ஆட்டத்துக்கு 12 முதல் 18 மாதம். பெரும்பாலும் கெடுவது ஏழாம் எட்டாம் மாதத்தில்தான்: வலி இல்லை, கை பலமாகத் தெரிகிறது, பையன் அவசரப்படுகிறான். ஆனால் உள்ளே வைத்த நாண் இன்னும் ஜவ்வாக முழுசாக மாறியிருக்காது.

சிறுவர்களுக்கு மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வரம்பு வைத்திருக்கின்றன: ஒரு நாளைக்கு 9-10 வயதில் 75 பந்து, 11-12 வயதில் 85, 13 முதல் 16 வரை 95. வருடத்தில் நாலு மாதம் பிட்சிங் கிடையாது. ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் (பிட்சர் வீசும் பந்தைப் பிடிப்பவர்) விளையாடக் கூடாது, ஏனென்றால் கேட்சர் திருப்பி எறியும் பந்துகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இரண்டு அணிகளுக்கு ஆடும் பையனின் பந்துகளை இரண்டு பயிற்சியாளர்களும் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். அதைக் கூட்டிப் பார்க்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.