கொடுமணலில் நீங்கள் கண்டது என்ன?

நொய்யல்வாசி:
கொடுமணல், ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் அகழாய்வு நடந்த சங்ககால ஊர். கண்டதை நேரே சொல்கிறேன். அகழாய்வுக் குழியருகே வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர், "பாருங்க தம்பி, பாதியோட உட்டுட்டாங்க" என்று ஒரு பளிங்கு மணியை என் உள்ளங்கையில் வைத்தார். மணிகளை இரு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் சேர்ப்பதே அக்காலக் கைவினைஞர் முறை. இதிலோ ஒரு முனைத் துளை பாதியில் நின்றிருக்க, மறுமுனையில் சிறு கொத்தல் மட்டுமே தெரிந்தது. அருகிலுள்ள படியூரின் பெரில் என்னும் மணிக்கற்கள் இங்கு வந்து மணியாகி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்கும், கிழக்கே இன்றைய கரூரான கருவூருக்கும் போன பெருவழியில் அமைந்த ஊர் இது. பதிற்றுப்பத்து பாடிய கொடுமணம் இதுவே என்பர். அந்தத் துளையை நிறுத்திய கை யாருடையது என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டடம் என்று சொல்ல அங்கே எதுவுமில்லை. கெட்டித்த தரையும் கம்பம் நட்ட குழிகளுமே எஞ்சியுள்ளன.

ஈரோட்டுக்காரன்:
கட்டடமே இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஈமக்காட்டுக்குள் நீங்கள் நடக்கவில்லையா? கற்பலகைகளால் அமைத்த கல்லறையான கற்பதுக்கை ஒன்றில் பெரும் பலகைக் கற்கள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துச் சரியாமல் நிற்க, அவற்றுள் ஒன்றில் இடுதுளை என்னும் வட்டமாக வெட்டிய திறப்பு இருந்தது. அதன் விளிம்பில் விரலை ஓட்டினேன், அவ்வளவு வழவழப்பு. இரும்பையும் எஃகையும் உருக்கியவர்கள், மரக்கம்ப வீடுகளில் வாழ்ந்தபடியே, இறந்தவர்களுக்காகக் கல்லை இப்படிச் செதுக்கினார்கள். அங்கே கிடைத்த சூதுபவளம் என்னும் செந்நிறக் கல் மணிகள் குசராத்துப் பக்கக் கல் என்பதால், இந்தக் கல்லறைகளே அவ்வூர் வணிகத்தின் கணக்குப் புத்தகம்.

காங்கேயம் ஆசிரியர்:
ஆடு மேய்த்தவர் ஒருவர் மடியிலிருந்து நான்கு மணிகளை எடுத்து, "வேணுங்களா?" என்று கேட்டார், வாங்காமல் வந்துவிட்டேன். இங்கே எழுதுவோரும் வாங்க வேண்டாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதைந்து கிடைத்த மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மழைக்குப்பின் உழவு நிலத்தில் மணியோ, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துள்ள பானை ஓட்டுத் துண்டோ தென்பட்டால் கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்பது தெரியாவிட்டால் அந்த எழுத்தின் காலத்தை ஆய்வாளர் எப்படிக் கணிப்பார்? பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், கரூர் அரசு அருங்காட்சியகத்தை முதலில் காட்டிவிட்டு இங்கே வாருங்கள். வெயிலில் நிழல் கிடையாது, குடிநீர் கையில் இருக்கட்டும். பதுக்கையின் மூடுகல்மீது யாரையும் ஏற விடாதீர்கள்.