பக்கத்து அறை பூட்டியே கிடக்கிறது

2023 ஜனவரிச் சம்பளச் சீட்டைப் பார்த்த அன்றுதான் நான் படிப்பிக்கும் பல்கலைக்கழக வளாகத்தை விட்டுப் போவதைப் பற்றி முதன்முதலாக யோசித்தேன். அப்போது மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைத்தால் வரி, 6 வீதத்தில் தொடங்கி 36 வீதம் வரை. முந்தின வருடம்தான் டொலர் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360க்கு ஏறியிருந்தது. சரி, எப்படியாவது சமாளிக்கலாம் என்று இருந்தேன்.

என்னை உண்மையில் அசைத்தது பக்கத்து அறை. அங்கே இருந்தவர் சபாட்டிக்கல் லீவில், அதாவது ஆராய்ச்சிக்கென்று விரிவுரையாளர்களுக்குக் கொடுக்கும் நீண்ட லீவில், அவுஸ்திரேலியா போனார், திரும்பவில்லை. பிறகு இன்னொருவர் கனடாவுக்கு. பதினொரு பேர் இருக்க வேண்டிய துறையில் ஐந்து பேர் மிஞ்சினோம். புதிதாக ஆள் எடுக்கத் திறைசேரி அனுமதி வேண்டும். இதற்குள் கொரோனாவில் தேங்கிய பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

விடைத்தாளை எங்களிடம் இரண்டு பேர் திருத்த வேண்டும். நான் சிவப்புப் பேனையால் திருத்திக் கட்டி வைத்த 140 தாள், இரண்டாம் பரிசோதகர் இல்லாமல் ஏழு வாரம் மேசையில் கிடந்தது. அந்தப் பாடம் தெரிந்தவர் மெல்பேர்னில். ஒரு பிள்ளை கதவைத் தட்டி, "சேர், றிசல்ட் எப்ப வரும்? வேலைக்குக் கூப்பிட்டிருக்கினம்" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு நியூசிலாந்துக்கு விண்ணப்பம் நிரப்பினேன். இன்னும் அனுப்பவில்லை.

மறுமொழி 1

அண்ணா, என்னைத் தடுத்து வைத்திருப்பது பிணை. சம்பளத்தோடு லீவு எடுத்துப் பிஎச்டிக்குப் போகிறவர்கள், திரும்பி வந்து இத்தனை வருடம் வேலை செய்வோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பிணையாளிகளும் கையெழுத்து வைக்க வேண்டும். நான் பிணை நின்ற நண்பன் வரவில்லை. பணத்தைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான், தவணை பிந்தினால் கடிதம் எனக்கு வரும். கோபம் இருக்கிறது, ஆனால் ஏன் போனான் என்று எனக்குத் தெரியாதா? எனக்காகக் கையெழுத்து வைத்த இரண்டு பேரும் இதே துறையில்தான் இருக்கிறார்கள். தினமும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிக்கிறோம்.

கடைசியில் அந்தத் தாள்களை யார் பார்த்தது?

மறுமொழி 2

ஓய்வுபெற்ற எங்கள் பேராசிரியர், தங்கச்சி. தாள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண் தெளிவில்லை, பூதக்கண்ணாடி வைத்து ஒன்பது நாளில் முடித்துத் தந்தார். றிசல்ட் வந்தபோது அந்தப் பிள்ளையின் வேலைக்குக் கொடுத்திருந்த திகதி போய்விட்டது.