கறுத்த பிள்ளை, கண்ணுக்குத் தெரியாத மஞ்சள்

பஹாவ் (மலேசியா), இரண்டு பிள்ளைகளின் அம்மா:

என் மகன் பிறந்த புதிதில் நடந்தது இது. அப்போ பஹாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். பிள்ளை எங்க அப்பா நிறம், நல்ல கறுப்பு. மூணாம் நாளிலிருந்து பால் குடிக்கலை, எழுப்பினாலும் தூங்கித் தூங்கி விழுந்தான். வீட்டுக்கு வந்த மிஸ்ஸியிடம், அதான் தாதியிடம், சொன்னேன். அவர் நெற்றியை அழுத்திப் பார்த்துவிட்டு "தா கூனிங்" என்றார். மஞ்சள் காமாலை இல்லையாம். மாமியார் காலை வெயில்ல காட்டச் சொன்னாங்க, காட்டினேன்.

மறுநாள் அவன் வாயைத் திறந்து அழுதப்போதான் பார்த்தேன். ஈறு முழுக்க மஞ்சள். வீட்டுக்காரர் குலை வெட்டப் போயிருந்தார். பக்கத்து வீட்டு அண்ணன்தான் கார் எடுத்தார். கிளினிக்கில் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தாங்க. முடிவு வந்ததும் அவங்க முகமே மாறிப்போச்சு. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி, மூணு நாள் கண்ணைக் கட்டி நீல விளக்கு.

பிழைச்சுட்டான். இப்போ தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அந்த மிஸ்ஸி மழையிலும் லயம்வரை நடந்து வந்தவர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனா "பால் குடிக்கலை" என்று பெத்தவ சொன்னதைவிடப் பிள்ளையின் தோல் சொன்னது ஏன் பெரிசாப் போச்சு? அதுதான் இன்னும் ஆறலை.

ஓய்வுபெற்ற தாதி:

தங்கச்சி, படிக்கும்போது மனசு பதறிடுச்சு. நான் படித்த காலத்தில் பாடப் படங்களில் இருந்ததெல்லாம் வெளுத்த பிள்ளைகள்தான். கறுத்த தோலில் மஞ்சள் மறைஞ்சு நிக்கும். நல்ல வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பார்க்கணும். அதிலும் நிச்சயமாகத் தெரியாது, ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியாத் தெரியும். ரத்தத்தில் இந்த மஞ்சளைத் தரும் பிலிருபின் ரொம்ப ஏறி மூளைக்குப் போனால் காது கேட்காமல் போகலாம், கை கால் முடங்கலாம். வெயிலை நம்பி ஒரு நாளைக்கூடக் கடத்தாதீங்க.

பிள்ளை நல்லா இருக்கா என்று பார்த்து, பிறந்ததும் போடும் அப்கார் மதிப்பெண்ணும் அப்படித்தான். 1952-இல் வர்ஜீனியா அப்கார் வகுத்த ஐந்து அம்சங்களில் ஒன்று நிறம். உடம்பு முழுக்க இளஞ்சிவப்பா இருந்தால் 2. நம்ம பிள்ளை எப்படிம்மா இளஞ்சிவப்பா இருக்கும்? நான் நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்த்துத்தான் எழுதுவேன்.

அக்கா இங்கிலாந்தில், நான் பஹாவில்:

என் அக்கா அங்கே பிரசவ வார்டில் வேலை செய்கிறார். 2023-இல் அந்த நாட்டு அறிக்கை ஒன்று இதையேதான் சொன்னதாம்: அப்கார், மஞ்சள், நீலம் பாய்தல் (ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலமாவது) என எல்லாச் சோதனையும் வெள்ளைத் தோலை வைத்தே அமைஞ்சிருக்கு என்று. தாய்மார்கள் கணக்கு இன்னும் மோசம். 2018 முதல் 2020 வரை அங்கே வெள்ளையினத் தாய்களைவிடக் கறுப்பினத் தாய்களின் மரண விகிதம் 3.7 மடங்கு, நம்மைப் போன்ற ஆசியத் தாய்களுக்கு 1.8 மடங்கு. "வலிக்குது என்று அவங்க சொன்னா லேசா எடுத்துக்கிறாங்கடி" என்று போனில் அழுதார்.

பஹாவ் அம்மா:

மிஸ்ஸி அக்கா, என் நாத்தனாருக்கு அடுத்த மாசம் பிரசவம். எந்த நாளிலிருந்து ஈறு பார்க்கணும்?

ஓய்வுபெற்ற தாதி:

முதல் நாளிலிருந்தே பாரும்மா. 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் மிஸ்ஸி வரட்டும் என்று காத்திருக்காதீங்க, உடனே தூக்கிட்டுப் போங்க.